தேயிலை ஸ்டோரில் இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டர்: சில வருடப் பாவனை அனுபவம்

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலை ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஒன்றில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தொடாமலே சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டர் ஒன்றைச் சில வருடங்களாகப் பாவிக்கிறேன். அதை வாங்க யோசிக்கும் பிட்டர்மாருக்கும், தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர்மாருக்கும் இது உதவும். கருவி நல்லது. ஆனால் பார்த்த சூட்டை எழுதிவைக்கப் பக்கத்தில் ஒரு கொப்பி இல்லாவிட்டால் அதற்குக் கொடுக்கும் காசு வீண் என்பதே என் முடிவு.

எங்களுடையது 12:1 வகை. 12 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்தால் 1 சென்ரிமீற்றர் அகல வட்டத்தின் சராசரிச் சூட்டைக் காட்டும். ஒரு மீற்றர் தள்ளி நின்றால் அந்த வட்டம் 8 சென்ரிமீற்றரைத் தாண்டிவிடும். பெயாரிங் வீட்டோடு (சுழலும் ஷாஃப்டைத் தாங்கும் பெயாரிங்கின் உலோகக் கூடு) பின்னாலிருக்கும் குளிர்ந்த சுவரும் கணக்கில் சேர்ந்துவிடும். கருவி அடிக்கும் சிவப்பு லேசர்ப் புள்ளி குறி பார்க்கத்தான். ஆகவே கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், பெல்ட்டை மறைக்கும் பாதுகாப்புத் தடுப்புக்கு வெளியே நின்றபடி.

பளபளக்கும் உலோகம் இந்தக் கருவியை ஏமாற்றும். கொழுந்தை உருட்டும் ரோலர் மேசையின் பித்தளை, கடைந்த ஷாஃப்ட், புது அலுமினியம் எல்லாம் உள்ளதைவிடக் குறைவாகத்தான் காட்டும். அவை தம் சூட்டைக் கதிராக விடுவது குறைவு. சுற்றியிருப்பவற்றின் கதிரைத் திருப்பி அனுப்புவதே அதிகம். அதனால் மெஷின் நிற்கும்போது ஒவ்வொரு பெயாரிங் வீட்டிலும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மினுக்கமில்லாத கறுப்புப் பெயின்ற் பூசி வைத்தோம். அவசரத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டும் போதும். யார் பார்த்தாலும் அதே இடத்தைத்தான் பார்ப்பார்கள் என்பது அந்தப் பொட்டால் கிடைத்த இன்னொரு நன்மை.

நம் மலைப்பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. விடியற்காலைப் பனியில் வெளியே கிடந்த கருவியை நேரே டிரையர் அறைக்குள் கொண்டுபோனால் லென்ஸில் ஈரம் படியும். உள்ளே இருக்கும் சென்சரும் தடுமாறும். அறைச் சூட்டுக்கு அது பழகும்வரை கால் மணி, அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். நாங்கள் அதை இரவிலும் ஸ்டோருக்குள்ளேயேதான் வைக்கிறோம்.

சரி, அது எங்கே கைகொடுத்தது? கொழுந்தை வாட்டும் மாடியில். வாட்டும் தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் டிரப் ஃபேன்கள் இராமுழுக்க ஓடும். நைட் ஷிஃப்டில் இருக்கும் தம்பி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். ஒரு நாள் காலையில் நான் போனதுமே, “அண்ணே, ரெண்டாம் நம்பர் ஃபேன் மட்டும் ஏறிக்கிட்டே போகுது” என்றார். கொப்பியைப் பார்த்தேன். பக்கத்து ஃபேன்கள் 38, 39 பாகையில் நிற்க, அது 52க்கு வந்திருந்தது. தனியாகப் பார்த்தால் 52 பெரிய சூடே இல்லை. மற்றவை குளிரில் அடங்கிக் கிடக்கும்போது இது மட்டும் ஏறியதுதான் செய்தி.

ஃபேனை நிறுத்திப் பார்த்தபோது, பழைய கிரீஸ் வெளியேறும் அடி பிளக்கின் மேல் பச்சைப் பெயின்ற் கெட்டியாக மூடியிருந்தது. ஓடிட் பரிசோதனைக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் பெயின்ற் அடிப்பது நம் ஸ்டோர்களின் வழக்கம். மேலிருந்து அடித்த கிரீஸ் போக வழியில்லாமல் உள்ளேயே பிதுங்கி, கறுத்து, மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. சுத்தம் செய்து அளவாகப் போட்டதும் சூடு பழைய இடத்துக்கே இறங்கியது. பெயாரிங் பிழைத்தது.

கிரீஸ் குறைந்தால்தான் சூடேறும் என்ற எண்ணம் நம்மவரிடம் ஆழமாக இருக்கிறது. கூடினாலும் ஏறும், குண்டுகள் கிரீஸைக் கடைவதிலேயே சூடு பிறக்கும். மறுபடி கிரீஸ் போடுவதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: பெயாரிங்கின் வெளி விட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீற்றரில் பெருக்கி, அதை 0.005ஆல் பெருக்கினால் எத்தனை கிராம் என்று வரும். 6309 என்ற எண் கொண்ட பெயாரிங் 100க்கு 25, ஆக 12.5 கிராம். உங்கள் கிரீஸ் கன் ஓர் அழுத்துக்கு எவ்வளவு தள்ளுகிறது என்பதைச் சின்ன டிஜிட்டல் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். கன்னுக்குக் கன் மாறும். கிரீஸ் போட்டபின் சில மணி நேரம் சூடு கொஞ்சம் ஏறி இறங்குவது வழமைதான். மறுநாளும் இறங்காவிட்டால் கூடிப்போயிற்று என்று அர்த்தம்.

இதோடு சேர்த்து ஒன்று: கொழுந்துக்கு மேலும் பக்கத்திலும் ஓடும் பாகங்களுக்கு எச்1 வகை உணவுத்தர கிரீஸ்தான் போட வேண்டும். பழையதைத் துடைக்காமல் வேறு வகையை அதன்மேல் அடிக்க வேண்டாம். சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் தண்ணியாகிவிடும்.

2022இல் டொலர் இல்லாமல் நாடே திண்டாடியபோது பெயாரிங் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. எது முதலில் போகும் என்பதைக் கொப்பி முன்கூட்டியே காட்டியதால், அதை மட்டும் தேடிப் பிடித்து வைத்தோம். அந்த வருடம் இந்தக் கருவி தன் விலைக்கு மேலேயே உழைத்துவிட்டது.

மின் பலகையிலும் உதவும். மூன்று ஃபேஸுக்கும் ஒரே லோட் போகும்போது ஒரு முனை மட்டும் சுட்டால், பெரும்பாலும் அங்கே ஸ்குரூ தளர்ந்திருக்கும். ஆனால் ஓடும் பலகையைத் திறப்பது எலெக்ட்ரீஷியன் வேலை. மற்றவர்கள் கை வைக்கக் கூடாது. கண்ணாடி ஊடாகவும் பார்க்க முடியாது, கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். டிரையரின் காற்றுச் சூட்டையும் இதால் அளக்க முடியாது. அதற்குக் குழாயில் பொருத்திய தெர்மோமீட்டர்தான்.

பெயாரிங்கின் முதல் கீறலையும் இது பிடிக்காது. சூடு வருவதற்கு முன் சத்தம் வரும். ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பெயாரிங் வீட்டில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் பழைய மெக்கானிக் பாஸ்மாரின் பழக்கத்தை நாங்கள் விடவில்லை, விடவும் மாட்டோம்.

வாங்குவோர் எமிசிவிட்டியை, அதாவது பார்க்கும் பொருள் சூட்டைக் கதிராக விடும் அளவை, மாற்றி அமைக்கக்கூடிய மொடலாகப் பார்த்து வாங்குங்கள். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டிய கருவி இதற்குச் சரிவராது. அது உடம்புச் சூட்டை மட்டும் பார்க்கச் செய்தது. கொஞ்ச நாள் பாவிக்காமல் வைப்பதென்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், ஈரத்தில் கசிந்து முனைகளை அரித்துவிடும்.