நோ மேன்ஸ் ஸ்கை எக்ஸ்பெடிஷன்: சில வருடங்கள் விளையாடிய பிறகு

2016 ஆகஸ்டில் வெளியான விண்வெளி வீடியோ கேம் நோ மேன்ஸ் ஸ்கையில் கோள்களின் எண்ணிக்கை 18-க்குப் பின்னால் 18 சுழியங்கள் போடும் அளவு. 2018-இல் வந்த நெக்ஸ்ட் அப்டேட்டில் மல்டிபிளேயர், அதாவது பலர் சேர்ந்து விளையாடும் வசதி, சரியாக அமைந்தது. ஆனாலும் இவ்வளவு பெரிய வெளியில் முன்பின் தெரியாத ஒருவரைத் தற்செயலாகச் சந்திப்பது அரிது. நண்பர்களை அழைத்தால் வருவார்கள், வீரர்கள் கூடும் விண்வெளி நிலையமான ஸ்பேஸ் அனாமலிக்குப் போனால் நாலு பேரைப் பார்க்கலாம். மற்றபடி தனிமைதான்.

2021 மார்ச் கடைசியில் வந்த எக்ஸ்பெடிஷன் முறை அதை மாற்றியது. சில வாரங்கள் மட்டும் நடக்கும் நிகழ்வு இது. புறப்படும் பகுதி, போகும் வழி, நடுநடுவே வரும் சந்திப்பு இடங்கள் எல்லாமே அனைவருக்கும் பொது. வேலைகளை மைல்ஸ்டோன்களாகப் பிரித்துக் கட்டம் கட்டமாகக் கொடுப்பார்கள். ஒரு கட்டத்துக்குள் எதை முதலில் செய்வது என்பது நம் விருப்பம். முடித்தால் கிடைக்கும் பரிசுகளை நம் மற்ற சேவ்களிலும் (சேமித்துவைத்த ஆட்டங்களிலும்) எடுத்துக்கொள்ளலாம்.

பரிசு ஆசையில்தான் முதலில் நுழைந்தேன். கப்பல், உடை, கொடி என்று நிறையவே சேர்ந்தன. இப்போதும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓடி வருவதற்குக் காரணம் வேறு. சந்திப்புக் கோளில் இறங்கினால் எனக்கு முன்னால் வந்தவர்கள் கட்டிய தளங்கள் அடுத்தடுத்து நிற்கும். சுற்றிலும் அவர்கள் விட்டுப்போன செய்திப் பலகைகள். எரிபொருள் தேடும் புதியவரைப் பார்த்தால் பேச்சு எதுவுமில்லாமல் தேவையான பொருளை அவர் பைக்குள் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எனக்கும் அப்படிப் பலர் கொடுத்திருக்கிறார்கள், நானும் கொடுக்கிறேன். திருவிழாக் கூட்டத்தில் தெரியாதவர்கள்கூட நம்மவர்களாகத் தோன்றுவார்களே, அந்த உணர்வு இங்கே கிடைக்கிறது. கெடு இருப்பதால்தான் இது நடக்கிறது. அதே பாதை வருடம் முழுக்கத் திறந்திருந்தால் ஆளுக்கொரு நேரத்தில் போவார்கள், யாரும் யாரையும் பார்க்கப்போவதில்லை.

எல்லா எக்ஸ்பெடிஷனும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் ஸ்கேன் செய், இத்தனை சேகரி, அடுத்த சூரியனுக்குத் தாவு என்பதற்கு மேல் அதிகம் இல்லை. என் மனதில் நிற்பவை இரண்டு. 2022-இல் வந்த லெவியதன் ஒரு காலச்சுழல். இறந்தால் கையில் இருந்த பொருள்கள் போய்விடும், முடித்த மைல்ஸ்டோன்கள் மட்டும் நிற்கும். நச்சு மழையிலிருந்து ஒரு குகைக்குள் ஓடுவதற்குக்கூட அப்போது அர்த்தம் வந்தது. வழக்கமான விளையாட்டில் அந்தப் பயமே எனக்கு இருந்ததில்லை.

இன்னொன்று 2024-இல் வந்த அட்ரிஃப்ட். அதில் வேற்றுக்கிரக வணிகர்களே கிடையாது. நிலையங்கள் வெறிச்சோடிக் கிடக்கும், காசு கொடுத்து வாங்க ஆள் இல்லை, வேண்டியதை நாமே தோண்டி எடுத்துச் செய்துகொள்ள வேண்டும். அந்த வெறுமைக்கு நடுவில் இன்னொரு வீரரின் தளத்தில் விளக்கு எரிவதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை வேறெந்த விளையாட்டும் எனக்குத் தந்ததில்லை. அதன் பரிசான அயர்ன் வல்ச்சர் கப்பலைத்தான் இன்றும் ஓட்டுகிறேன்.

குறை என்று பார்த்தால், வேலைப்பளு அதிகமுள்ள மாதத்தில் கெடு ஓடிக்கொண்டிருப்பது பதற்றம்தான். நல்ல வேளையாக, பல வருடங்களாகவே அந்தந்த வருடத்து எக்ஸ்பெடிஷன்களை வருடக் கடைசியில் குறைந்த நாள்களுக்கு மறுபடி நடத்துகிறார்கள். விட்ட பரிசைப் பிடிக்க அது போதும். கூட்டம் மட்டும் முதல் ஓட்டத்தில் இருக்கும் அளவுக்கு இராது.

முன்பெல்லாம் புது சேவ் தொடங்கினால்தான் கலந்துகொள்ள முடியும். 2024 பிப்ரவரியில் ஒமேகா அப்டேட் வந்ததிலிருந்து, ஏற்கெனவே விளையாடும் சேவிலிருந்தே அனாமலியில் உள்ள டெர்மினல் வழியாகப் போய்வரலாம், சில பொருள்களையும் கொண்டுபோகலாம். வசதிதான். ஆனாலும் நான் இன்னும் வெறுங்கையோடுதான் போகிறேன். எல்லாம் நிரம்பிய கப்பலோடு இறங்கினால் அடுத்தவரின் உதவியே தேவைப்படாது.

புதிதாகச் சேருகிறவர்கள் முடிந்தவரை முதல் வாரத்திலேயே புறப்படுங்கள். சந்திப்பு இடத்தை அடைந்ததும் மைல்ஸ்டோன் முடிந்தது என்று உடனே கிளம்பிவிடாமல் அங்கேயே கொஞ்ச நேரம் சுற்றிப் பாருங்கள். அப்புறம் ஒரு சின்னத் தளம் கட்டி, நொடியில் இடம்விட்டு இடம் தாவ உதவும் டெலிபோர்ட்டர் வைத்து, பொதுவில் பதிவேற்றிவிட்டுப் போங்கள். பின்னால் வருகிறவருக்கு உதவும்.