விகடகவியைத் தேடியபோது: ஓர் அகராதிச் செயலி பற்றிய மதிப்புரை

புதிய அகராதி எது கைக்கு வந்தாலும் முதலில் 'விகடகவி'யைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம். சொற்பிறப்பும் தருவதாகக் கூறி ஆண்டுக் கட்டணம் பெறும் ஒரு கைபேசிச் செயலியையும் அவ்வாறே சோதித்தேன்.

பொருள் பகுதியில் குறையில்லை. அரசவையில் நகைச்சுவையாகப் பேசியும் பாடியும் மகிழ்விப்பவன் என்று தெளிவாகத் தருகிறது. எழுத்துருவும் கண்ணை உறுத்தவில்லை. 'தோற்றம்' என்ற பகுதியைத் திறந்தால்தான் ஏமாற்றம். அங்கே வடசொல் என்பதைக் குறிக்கும் 'வ.' என்றொரு சுருக்கக் குறி, அதன்கீழ் தெனாலிராமன் கதை, அவ்வளவுதான். ஆயிரம் முகங்களோடு தோன்றிய காளியிடம், சளி பிடித்தால் இத்தனை மூக்கையும் இரண்டே கைகளால் எப்படிச் சிந்துவாய் என்று அவன் கேட்க, அவள் சிரித்துவிட்டு, எப்பக்கமிருந்து படித்தாலும் மாறாத இப்பெயரைச் சூட்டினாளாம். மாலைமாற்றாக அமைந்த ஐந்தெழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை வாய்க்காது. ஆயினும் 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயரின் அவையைச் சுற்றி வளர்ந்த கதையைச் சொற்பிறப்பு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு தருவது முறையன்று.

'விகட' என்னும் வடசொல்லின் பழம்பொருள் சிரிப்பன்று. கோரம், இயல்பு திரிந்த தோற்றம் என்பனவே. திரிந்தது எனப் பொருள்படும் 'விக்ருத' என்ற வடசொல், பழைய வட இந்தியப் பேச்சுமொழியான பிராகிருதத்தில் பெற்ற வடிவமாக அதைக் கொள்வர். நாம் அன்றாடம் வழங்கும் 'விகாரம்' அதன் உடன்பிறப்பு. தேவாரம் சிவனை 'விகிர்தன்' என்பதும், பிள்ளையாரின் பெயர்களுள் 'விகடன்' இருப்பதும் அந்த உறவினால்தான். முகத்தைக் கோணிக் காட்டியும் பிறர் குரலைத் திரித்துப் பேசியும் சிரிக்க வைத்தவர்களால், திரிபைக் குறித்த சொல் தமிழில் பரிகாசத்தைக் குறிக்கலாயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது. இத்தனை சுவையான செய்தியில் ஒரு வரிகூடச் செயலியில் இல்லை.

இன்னொரு குறை, 'விதூஷக'னை ஒருபொருட் சொல்லாகச் சேர்த்திருப்பது. அவன் வடமொழி நாடகத்தில் அரசனுக்குத் தோழனாக வந்து பிராகிருதம் பேசும் அந்தணப் பாத்திரம். 'துஷ்' என்ற வேரிலிருந்து பிறந்த அப்பெயருக்குப் பழிப்பவன் என்பது பொருள். தெருக்கூத்தில் பாத்திரங்களை அறிமுகப்படுத்திக் கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரனையும் இதே பட்டியலில் கண்டபோது செயலியை மூடிவிட்டேன்.

பொருள் மட்டும் பார்ப்பவர்களுக்கு இதன் இலவசப் பதிப்பே போதும். என் கட்டணத்தை நான் புதுப்பிக்கப் போவதில்லை.