"டென்ஷன் ஆகாதீங்க தம்பி"

எங்கள் குடும்பத்தில் சோரியாசிஸ் என்ற தோல் நோய் எனக்கும் உண்டு, அக்கா மகனுக்கும் உண்டு. நான் இருப்பது லண்டனில், அவன் மதுரையில். இந்தத் தடவை ஊருக்குப் போனபோது அவனைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போகும் வேலை என் தலையில் விழுந்தது.

தனியார் கிளினிக், நல்ல கூட்டம். டாக்டர் முழங்கையையும் தலையையும் பார்த்துவிட்டு ஆயின்மென்ட்டும் ஷாம்பூவும் எழுதினார். மருந்து சரியான மருந்துதான். எழுந்திருக்கும்போது, "டென்ஷன் ஆகாதீங்க தம்பி, டென்ஷன் ஆனா இது கூடும்" என்றார். உண்மை. ஆனால் ஆகாமல் இருப்பது எப்படி? சலூனில் இவனுக்கென்று தனிச் சீப்பு. பந்தியில் பக்கத்து இலைக்காரர் நகர்ந்து உட்காருகிறார். ஒட்டாத நோய் என்று எத்தனை பேரிடம் சொல்வது! ஒரு அத்தை வெட்பாலைத் தைலம் தடவச் சொன்னார். இன்னொரு அத்தை, "பொண்ணு அமையிற வரைக்கும் வெளிய சொல்லாத" என்றார். அவனை அரித்தது இந்த இரண்டாவது யோசனைதான்.

லண்டனில் என் டாக்டர் ஒரு தாளை நீட்டுவார். 1994இல் கார்டிஃபில் உருவான பத்துக் கேள்விகள். போன வாரம் அரிப்பு எவ்வளவு, கூச்சப்பட்டீர்களா, சட்டையை யோசித்துப் போட்டீர்களா என்று தொடங்கித் தாம்பத்தியம் வரை போகும். மொத்தம் 30 மதிப்பெண். 10ஐத் தாண்டினால் நோய் வாழ்க்கையை ரொம்பவே அழுத்துகிறது என்று கணக்கு. கவுன்சிலிங்குக்கு அங்கேயும் காத்துக் கிடக்கத்தான் வேண்டும். இருந்தாலும் கேட்கவாவது கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விகளைத் தமிழில் சொல்லி அவனிடம் கேட்டேன். பத்தைத் தாண்டியது. மதுரை வெயிலில் முழுக்கைச் சட்டை போடுகிறவனுக்கு வேறென்ன வரும்?

14416க்குப் பேசச் சொன்னேன். ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். போனோடு மாடிக்குப் போனவன் ரொம்ப நேரம் கழித்துத்தான் இறங்கினான். தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்கள், நேரில் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள் என்றான். மற்றதை நான் கிளறவில்லை.

அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் பிரிவும் உண்டு, மனநலப் பிரிவும் உண்டு, காசும் கேட்கமாட்டார்கள். அக்காவுக்குத்தான் பயம், 'மனநலப் பிரிவு' என்ற பலகைக்குக் கீழே சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால்? அவனோ, தோல் டாக்டரே எழுதிக் கொடுத்தால் போகிறேன் என்கிறான். பத்துக் கேள்விக்கும் அவன் சொன்ன பதிலை எழுதி மருந்துச் சீட்டோடு பின் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அடுத்த தடவை டாக்டர் அதைப் பார்க்காமல் மருந்து எழுத முடியாது.