மூன்று மணி நேரமே ஓடிய 'புது' ஹார்ட் டிஸ்க்

வீட்டு சர்வருக்கு, அதாவது வீட்டுக் கோப்புகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் கம்ப்யூட்டருக்கு, இணையத்தில் ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறீர்களா? பெட்டி கைக்கு வருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு என்ன வந்திருந்தது என்று ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது.

சர்வர் விஷயத்தில் நான் ஏமாறவில்லை. அலுவலகத்தில் ஓடிக் கழித்த சின்ன டவர் கம்ப்யூட்டர் அது. மினி பிசி வாங்கினால் மின்சாரம் மிச்சம், சத்தமும் இருக்காது. ஆனால் அதற்குள் 3.5 அங்குல டிஸ்க் வைக்க இடம் கிடையாது. யூஎஸ்பி பெட்டியில் வெளியே தொங்கவிடலாம்தான். நடுராத்திரியில் இணைப்பு அறுந்து மிரர் (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதி வைக்கும் ஜோடி) உடைவதை ஒருமுறை பார்த்தவன் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. டவரில் இரண்டு 4 டிபி (டெராபைட்) டிஸ்க், கோப்புகளைச் சேமித்துச் சரிபார்க்கும் இசட்எஃப்எஸ் என்ற அமைப்பில் மிரர். மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லை, இடம் நிரம்பியதைத் தவிர.

எனவே இரண்டு 8 டிபி சீகேட் டிஸ்க் வாங்கினேன். 'புத்தம் புதியது, சீல் பிரிக்காதது, ஐந்து வருட வாரண்டி' என்று போட்டிருந்தார்கள். வெள்ளிநிற உறை, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம், எல்லாம் கச்சிதம். மாட்டினேன். டிஸ்க் சுழலவே இல்லை.

விற்றவருக்கு சாட்டில் எழுதினேன். ஐந்தே நிமிடத்தில் பதில்: "சார், இது டேட்டா சென்டர் மாடல். பழைய பவர் சப்ளையில் மூணாவது பின்னில் 3.3 வோல்ட் வரும். அந்தப் பின் மேல டேப் ஒட்டுங்க, ஓடும்." சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்த மாடல்களில் பவர் செருகியின் மூன்றாவது பின்னில் மின்சாரம் வந்தால் டிஸ்க் அணைந்தே கிடக்கும். வெப்பம் தாங்கும் மஞ்சள் டேப்பை நெல்மணி அகலத்துக்கு வெட்டி, சாமணத்தால் பிடித்து ஒட்டினேன். ஓடியது. (பழைய நாலு பின் பவர் செருகியில் மாட்டும் மோலெக்ஸ் அடாப்டர் போட்டும் சமாளிக்கலாம் என்பார்கள். வார்த்த பிளாஸ்டிக் வகை அடாப்டர்கள் உருகித் தீப்பிடித்த கதைகள் நிறைய உண்டு, வேண்டாம்.) இவ்வளவு விவரம் தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்துவிட்டேன். என் முட்டாள்தனம் அங்கேதான் ஆரம்பித்தது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தேன். ஓடிய நேரம் 3 மணி. பழுதான செக்டர் (டிஸ்க்கில் தரவு எழுதும் சின்னக் கட்டம்) 0. திருப்தி. ஒரு பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதியதை வைத்து, மிரர் மறுபடி கட்டி முடியும்வரை காத்திருந்து, அப்புறம் அடுத்ததையும் மாற்றினேன். பூல், அதாவது இசட்எஃப்எஸ் டிஸ்க்குகளைச் சேர்த்து உண்டாக்கும் சேமிப்பு இடம், தானாக விரிந்தது. கழற்றிய இரண்டையும் அன்றே அழித்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆறாவது வாரம், எழுதியதையெல்லாம் படித்துச் சரிபார்க்கும் மாதாந்திர ஸ்க்ரப்பின்போது முதல் டிஸ்க்கில் ஸ்மார்ட்டின் 197ஆம் எண் கணக்கு, அதாவது படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள், 0 என்பதிலிருந்து 48 ஆனது. மறுநாள் 300ஐத் தாண்டியது. அதற்கடுத்த நாள் டிஸ்க் கடகடவென்று தலையை அடித்துக்கொண்டு காணாமலே போனது. இரண்டாவது டிஸ்க்கில் இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று பார்த்தால் அதிலும் படிக்க முடியாத இடங்கள். பாழான கோப்புகளின் பெயரை இசட்எஃப்எஸ் வரிசையாகக் காட்டும், 31 பெயர்கள். பெரும்பாலானவை பழைய பேக்கப்பில் கிடைத்தன. அந்த பேக்கப் எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு எடுத்த படங்களில் ஒன்பது போனது போனதுதான்.

அதன்பிறகுதான் தோண்ட ஆரம்பித்தேன். சீகேட் டிஸ்க்குகளில் ஸ்மார்ட் தவிர ஃபார்ம் என்று இன்னொரு பதிவேடும் உண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருள் 7.4 பதிப்பு முதல் அதைப் படித்துக் காட்டுகிறது. காணாமல் போயிருந்த முதல் டிஸ்க் முழுதாகச் சாகும் முன் அதன் பதிவையும் எடுக்க முடிந்தது: ஓடிய நேரம் 22,416 மணி. இரண்டரை வருஷத்துக்கு மேல் நிற்காமல் ஓடியிருக்கிறது. இரண்டாவது, 19,870. ஸ்மார்ட் கணக்கை அழித்து எழுதியவர்கள் இதை விட்டுவிட்டார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அம்பலமான மோசடியும் அச்சு அசல் இதேதான்; டேட்டா சென்டரில் உழைத்த சீகேட் டிஸ்க்குகளின் கணக்கைத் துடைத்துப் புதிது என்று விற்றிருந்தார்கள். தயாரித்தவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. இது இடையில் நின்று விற்றவர் செய்த வேலை.

சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். சிஸ்டம் தயாரிக்கும் நிறுவனத்துக்குப் போன டிஸ்க், தனிப்பட்ட வாடிக்கையாளருக்கு வாரண்டி கிடையாது என்று வந்தது. ஒரு நிமிட வேலை. பெட்டி வந்த அன்று ஏன் செய்யவில்லை என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை.

கண்ணால் பார்த்தே சந்தேகப்பட்டிருக்கவும் முடியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், கேபிள் மாட்டும் சேட்டா முனையின் தங்கநிறப் பட்டைகளில் ஒரே திசையில் ஏழெட்டுக் கீறல்கள். ஆலையில் சோதிக்கும்போது ஒன்றிரண்டு விழும், இத்தனை விழாது. பக்கவாட்டுத் திருகுத் துளைகளின் விளிம்பில் வண்ணம் உரிந்திருந்தது. டேட்டா சென்டரில் சர்வர்களை அடுக்கும் ரேக் தட்டில் கிடந்ததன் அடையாளம் அது.

விற்றவரிடம் ஃபார்ம் பதிவின் படத்தை அனுப்பினேன். "சார், அந்தக் கணக்கெல்லாம் சாஃப்ட்வேர் தப்பா காட்டும். கெடுவும் முடிஞ்சிடுச்சு." இந்த முறை பதில் வர நான்கு நாள் ஆனது. விற்பனைத் தளம் புகாரைப் 'பரிசீலித்து' மூடிவிட்டது.

இப்போது வேறு இடத்தில் வாங்கிய இரண்டு டிஸ்க்குகள் மேஜைமேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலில் சீரியல் நம்பர், அப்புறம் ஃபார்ம், கடைசியாக பேட்பிளாக்ஸ். பேட்பிளாக்ஸ் நான்கு வகை எழுத்தை டிஸ்க் முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படிக்கும். 8 டிபிக்கு ஏறத்தாழ நான்கு நாள் ஆகும். திருப்பி அனுப்ப இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அதுவரை சர்வரில் ஓடுவது தம்பியிடம் கெஞ்சி வாங்கிவந்த அதே பழைய 4 டிபி ஜோடிதான்.