பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினார்கள்: என் புது .22 ரைபிளின் கதை

புதிதாக .22 செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) வாங்கப் போகிறீர்களா? வாங்கிய ஒரு மாதத்திலேயே கோளாறு என்று கடைக்கும் ரேஞ்சுக்கும் (சுட்டுப் பழகும் இடம்) அலைந்துகொண்டிருக்கிறீர்களா? அடுத்த முறை கடைப்படி ஏறும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் மூன்று மாதம் அலைந்தேன், மூன்று பில் கட்டினேன். கோளாறை உண்டாக்கியதே அந்தக் கடைதான் என்பது நாலாவது மாதம்தான் தெரிந்தது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் தெரிந்து அங்கே போகாமல் இருப்பதைவிட, எந்தக் கடையிலும் ஏமாறாமல் இருப்பது உங்களுக்கு உபயோகம்.

வாங்கிய அன்றே, குறிபார்க்க மேலே மாட்டும் ஸ்கோப்பும் சேர்த்து வாங்கினேன். "நீங்களே மாட்டினா ஆட்டம் கண்டுடும் சார், நாங்களே போட்டுத் தர்றோம்" என்றார் கவுன்டரில் இருந்தவர். பத்து நிமிடம் உள்ளே எடுத்துப் போய், மாட்டிக் கொண்டுவந்தார். கூலியும் வாங்கிக்கொண்டார். எனக்குச் சந்தோஷம்தான்.

முதல் நாள் ரேஞ்சில் 50 தோட்டா. 14 முறை சிக்கியது. எண்ணி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே மாதிரி: சுட்ட வெற்றுக்கூடு முழுக்க வெளியே விழாமல், திரும்பி வரும் போல்ட்டுக்கும் (சேம்பரின் பின்வாயை மூடும் இரும்புத் துண்டு) சேம்பருக்கும் (சுடும்போது தோட்டா உட்காரும் அறை) நடுவே மாட்டிக்கொண்டு புகைபோக்கி மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும். சில முறை கூடு வெளியே விழும், ஆனால் அடுத்த தோட்டாவை எடுக்காமல் போல்ட் வெறும் சேம்பரில் மூடிக்கொள்ளும். வேறு விதமாகவும் இரண்டு மூன்று.

இந்த ரைபிள்கள் எப்படி ஓடுகின்றன என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும். .22 செமி ஆட்டோக்களில் பெரும்பாலானவற்றில் போல்ட்டைப் பூட்டி வைக்கும் அமைப்பே கிடையாது. பின்னால் தள்ளும் அழுத்தத்துக்கு எதிராக நிற்பவை போல்ட்டின் எடையும் ஒரு ஸ்ப்ரிங்கும்தான். சுட்டதும் கூடு போல்ட்டைப் பின்னால் உதைக்கும். போல்ட் போகிற போக்கில் எக்ஸ்ட்ராக்டர் கூட்டை இழுத்துவரும், எஜெக்டர் தட்டி வெளியே எறியும், உள்ளே இருக்கும் சுத்தியல் அடுத்த அடிக்குத் தயாராக மறுபடி மடக்கப்படும். பிறகு ஸ்ப்ரிங் போல்ட்டை முன்னே தள்ள, அது மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கி மாட்டும் பெட்டி) அடுத்ததை எடுத்துக்கொண்டு போய் மூடும். இத்தனைக்கும் அந்தச் சின்னத் தோட்டாவின் உதைதான் மூலதனம். இந்த வகையை வீடுவீடாகக் கொண்டுபோனது 1964 இல் வந்த ரூகர் 10/22. என்னுடையது அது இல்லை, ஆனாலும் உள்ளே நடப்பது இதேதான். கடன் வாங்கிய பணத்தில் குடும்பம் நடத்துவது போல, வழியில் எங்காவது சின்ன உரசல் இருந்தாலும் கணக்கு உதைக்கும். போல்ட் முழுத் தூரம் போகாது. கூடு பாதியில் நிற்கும்.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. கடைக்குப் போனேன்.

"புது ரைபிள்ல இதெல்லாம் சகஜம் சார், 500 ரவுண்டு ஓடினா சரியாயிடும். நீங்க போட்டது ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, ஹை வெலாசிட்டி போடுங்க." இதில் முக்கால்வாசி உண்மை. அதுதான் என்னைக் கவிழ்த்தது. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா வினாடிக்கு 1,070 அடி வாக்கில் போகும். ஒலியின் வேகம் சுமார் 1,125 அடி. அதைத் தாண்டாமல் இருப்பதால்தான் குறிபார்த்துச் சுடுபவர்கள் அதை விரும்புகிறார்கள். ஹை வெலாசிட்டி 1,200க்கு மேல். உதை அதிகம். ஸ்ப்ரிங் இன்னும் விறைப்பாக இருக்கும் புது ரைபிளுக்கு அது நல்லதுதான், பல மேனுவல்களிலும் அப்படியே போட்டிருக்கும். நானும் மாற்றினேன். 14 முறை சிக்கியது 5 ஆகக் குறைந்தது. பார், கடைக்காரர் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் நடந்தது, பிரேக் பிடித்தபடி ஓடும் வண்டிக்கு ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தியதுதான்.

500 ரவுண்டு கடந்தும் 50க்கு நாலைந்து என்பது குறையவில்லை. இரண்டாம் முறை போனபோது ரைபிளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "முழு சர்வீஸ், ட்யூனிங்" என்று ஒரு பில். மூன்று வாரம் கழித்துத் தந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் எண்ணெய் வாடை. ரிசீவரிலிருந்து (போல்ட் ஓடும் உலோக உறை) எண்ணெய் வழிந்து கட்டைப் பிடியில் இறங்கியிருந்தது. கவனிப்பு என்றால் இதுதான் என்று அப்போது தோன்றியது. அடுத்த ரேஞ்ச் நாளில் நூறு ரவுண்டு தாண்டவில்லை, உள்ளே கறுப்புச் சாந்து. ரிம்ஃபையர் தோட்டாவின் (.22 இந்த வகைதான்) ஈயக் குண்டுக்கு வெளிப்பக்கம்தான் மெழுகு பூசியிருக்கும். அந்த மெழுகு, ஈயத்தூள், வெடிமருந்துக் கரி மூன்றும் எண்ணெயில் குழைந்தால் சேறு. இந்த ரைபிள்களுக்கு எண்ணெய் என்றால் துணியில் தொட்டுத் துடைத்த அளவு. விரலால் தடவிப் பார்த்தால் வழவழப்பு தெரிய வேண்டும், ஈரம் தெரியக் கூடாது.

ஆனால் சர்வீஸுக்கு முன்பைவிட இப்போது மோசமாகச் சிக்கியது என்பது சேற்றால் மட்டும் வந்ததில்லை. காரணம் பின்னால் வருகிறது.

மூன்றாம் முறை போவதற்குள் எனக்குக் கொஞ்சம் உறைத்திருந்தது. போல்ட்டைக் கழற்றி, முகப்பை நாலு கோணத்தில் போனில் படம் எடுத்தேன். தயாரிப்பாளருக்கு அனுப்பலாம் என்றுதான் எடுத்தேன், கடையைச் சோதிக்க அல்ல. எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு, பக்கத்தில் குறுக்கே ஒரு கீறல். கடையில் என்னைப் பார்த்ததும், "எக்ஸ்ட்ராக்டர் போயிடுச்சு சார், மாத்தணும்" என்றார்கள். சரி என்றேன். அடுத்த வாரம் பில்லில் "எக்ஸ்ட்ராக்டர் புதிது" என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அதே பிசிறு. அதே கீறல்.

கடைக்குப் போன் செய்தேன். பழைய பாகம் எங்கே என்று கேட்டேன். குப்பையில் போட்டாச்சு என்றார். படம் இருக்கிறது என்றேன். "ஒரே மெஷின்ல வர்றது சார், எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்." பிசிறு கூடவா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பேச்சை மாற்றி, இன்னும் சிக்கினால் சேம்பரைக் கொஞ்சம் தேய்த்துப் பெரிதாக்கித் தருகிறோம் என்றார். அதற்கு மட்டும் நான் தலையாட்டாமல் விட்டது எந்தப் புண்ணியமோ. ரிம்ஃபையரில் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும், அதனால் பித்தளை மெல்லியதாகத்தான் இருந்தாக வேண்டும். அந்த மெல்லிய கூட்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்வது சேம்பர்தான். அதைக் கண்டபடி தேய்த்து அகலமாக்கினால் கூடு பிதுங்கும், கிழியவும் கிழியும். முகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசமான அறிவுரையும் அதே வாயிலிருந்து வந்தது. ஒரு நாள் ஒரு தோட்டா "ப்ளப்" என்று அமுங்கிய சத்தத்தோடு போனது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். "அடுத்தத சுட்டா எல்லாம் சேர்ந்து போயிடும்" என்றார். தயவுசெய்து இதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சத்தம் அமுங்கினால் குண்டு பேரலுக்குள்ளேயே (துப்பாக்கிக் குழாய்) நின்றிருக்கலாம். அதன்மேல் இன்னொன்றைச் சுட்டால் பேரல் வீங்கும், வெடிக்கவும் கூடும். நிறுத்த வேண்டும். மேகசினை எடுத்து, சேம்பர் காலி என்று உறுதிசெய்து, பேரலில் கம்பி விட்டுப் பார்த்த பிறகுதான் மறுபடி. ட்ரிக்கரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றாலும் அவசரப்படக் கூடாது. முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி குறைந்தது 30 வினாடி காத்திருந்துதான் போல்ட்டை இழுக்க வேண்டும்.

நாலாவது மாதம், ரேஞ்சில் பக்கத்து மேசையில் ஒரு பெரியவர். என் ரைபிள் மூன்றாம் தடவை சிக்கியதும் எழுந்து வந்தார். "தம்பி, நான் ஒண்ணு பார்க்கலாமா?" மேகசினை எடுக்கச் சொன்னார். போல்ட்டைப் பின்னால் பிடித்து, சேம்பருக்குள் கண்ணாலும் பார்த்து சுண்டுவிரலாலும் தொட்டுப் பார்த்தார். பிறகு போல்ட்டை மெதுவாக, மிக மெதுவாக, முன்னும் பின்னும் நகர்த்தினார். "இங்க வாங்க. கை வைங்க. இந்த இடத்துல என்ன தெரியுது?"

கரகரவென்று ஓர் உரசல். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்.

ஸ்கோப்பைத் தாங்கும் பட்டையின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நாலாவது வெளியே வந்ததும் போல்ட் வெண்ணெயில் கத்தி போல ஓடியது. அந்த ஸ்க்ரூவை மேசையில் மற்ற மூன்றோடு நிறுத்தி வைத்தார். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உயரமாக நின்றது. ரிசீவரின் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, போல்ட்டின் முதுகை ஒவ்வொரு ரவுண்டுக்கும் சுரண்டியிருக்கிறது. போல்ட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். கறுப்புப் பூச்சின் நடுவே நேர்கோடாக ஒரு பளபளப்பு, கீறி எடுத்த இரும்பு. போல்ட்டைக் கழற்றிப் படமெடுத்தவன் நான். முகப்பை நாலு கோணத்தில் எடுத்தேனே தவிர முதுகைப் பார்க்கவில்லை!

சர்வீஸுக்குப் பிறகு ஏன் மோசமானது என்பதும் அங்கேயே விளங்கியது. "ஸ்கோப் லூசா இருந்துச்சு, டைட் பண்ணியிருக்கோம்" என்று அன்று சொல்லியிருந்தார்கள். இந்த ஸ்க்ரூக்கள் பலவற்றில் அங்குலத்துக்கு 48 மரை. ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் சொச்சம் இறங்கும். கால் சுற்று இறுக்கினாலும் உரசல் கூடத்தானே செய்யும்.

வீட்டுக்கு வந்து ரைபிள் வந்த அட்டைப்பெட்டியைக் குடைந்தேன். மேனுவலின் மடிப்புக்குள், பிரிக்கப்படாத ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை. உள்ளே பட்டைக்கான நாலு ஸ்க்ரூ, சரியான நீளத்தில், தயாரிப்பாளரே போட்டு அனுப்பியது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். கடையில் அந்தப் பையைத் தேடக்கூட இல்லை, டப்பாவில் கிடந்ததை எடுத்து முடுக்கியிருக்கிறார்கள்.

உங்கள் ரைபிள் சிக்கினால் யாரிடமும் கொடுப்பதற்கு முன் இதை மட்டும் செய்யுங்கள் என்று சொல்வேன். காலி என்று உறுதிசெய்துவிட்டு, போல்ட்டைக் கையால் மெதுவாக நகர்த்துங்கள், உரசல் தெரிகிறதா என்று. தெரிந்தால் ஸ்கோப் பட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி நகர்த்துங்கள். பட்டை இல்லாமல் சரியாக ஓடினால் விடை கிடைத்துவிட்டது. உரசலே இல்லை என்றால் அடுத்து மேகசின். இரண்டு மூன்று இருந்தால் அடியில் எண் எழுதி, எது சிக்குகிறது என்று குறித்து வையுங்கள். ஒன்று மட்டும் என்றால் ரைபிளைத் தொட வேண்டியதே இல்லை. பிறகு சேம்பர். தொழிற்சாலையிலிருந்து வரும்போது துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய பசை உள்ளே இருக்கும். அதைத் துடைக்காமல் சுட ஆரம்பித்தால் கரி ஒட்டிக்கொண்டு தோட்டா முழுக்க உள்ளே போகாது. போல்ட் கடைசி மயிரிழை மூடாமல் நின்றால் சுத்தியலின் அடி போல்ட்டை மூடுவதிலேயே செலவாகி, தோட்டா வெடிக்காது. ஃபயரிங் பின் போய்விட்டது என்று சொல்லி மாற்றிவிடுவார்கள். பேரலைப் பொறுத்தவரை அடிக்கடி தேய்க்காதீர்கள். .22 பேரல் அழுக்கால் கெடுவதைவிட, முனையிலிருந்து கம்பியை விட்டுத் தேய்ப்பவர் கையால் கெடுவதுதான் அதிகம். சுத்தம் செய்ய வேண்டியது சேம்பர், போல்ட் முகம், எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடி. ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் துணியும் போதும்.

இன்னொன்று, "சும்மா வெறுமனே ட்ரிக்கரை இழுத்துப் பழக்குங்க, லூசாகும்" என்றும் அங்கே சொன்னார்கள். ரிம்ஃபையரில் தோட்டா இல்லாதபோது பின் நேரே சேம்பர் விளிம்பில் மோத வாய்ப்புண்டு. மோதினால் விளிம்பில் பள்ளம் விழும். சில ரைபிள்களில் அதைத் தடுக்க ஏற்பாடு இருக்கிறது, சிலவற்றில் இல்லை. மேனுவலைப் பார்த்துவிட்டு இழுங்கள்.

பாகம் மாற்றினோம் என்றால் பழையதைக் கையில் கேளுங்கள். கொடுப்பதற்கு முன் படம் எடுங்கள், முதுகையும் சேர்த்து.

நாலு ஸ்க்ரூவையும், பிரிக்காத பையையும், படங்களையும், மூன்று பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி ஸ்க்ரூவை விரலில் உருட்டிப் பார்த்தார். எக்ஸ்ட்ராக்டர் பில்லை மட்டும் திருப்பித் தந்தார். மற்ற இரண்டுக்கும் "வேலை செஞ்சிருக்காங்களே சார்" என்றார். சமாதானத்துக்கு மேசைக்கு அடியிலிருந்து ஒரு எண்ணெய் பாட்டில் எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். தயாரிப்பாளருக்கு எழுதினேன். போல்ட்டின் கீறலுக்கு வாரன்டி பொருந்தாது, வேலைக்குத் தடையில்லை, அப்படியே ஓட்டலாம் என்று பதில் வந்தது.

சரியான ஸ்க்ரூ போட்டபின் இதுவரை 600 ரவுண்டு. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியும் ஓடுகிறது. இரண்டு வெடிக்கவில்லை, இரண்டும் ஒரே பெட்டித் தோட்டா. அந்தப் பெட்டியை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.