கோபாலபுரம் ரோட்டு பவுலிங் மெஷின் வலை: தாராளமாகப் போகலாம்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் போகிற வழியில் தென்னந்தோப்பு ஓரமாக ஒரு கிரிக்கெட் வலைப்பயிற்சி இடம் இருக்கிறது. பவுலிங் மெஷினை ஸ்டாண்டில் நன்றாக உயர்த்தி வைக்கிறார்கள், குட் லெங்த்தில் (பேட்ஸ்மேனுக்குச் சற்று முன்னால்) குத்துகிற பந்தே எகிறி கிளவுஸில் வந்து இடிக்கிறது. வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர், 6 அடி 7 அங்குல ஆம்ப்ரோஸ் 1993 பெர்த் டெஸ்டில் தொடர்ந்து வீசிய ஒரே ஸ்பெல்லில் 1 ரன் கொடுத்து 7 விக்கெட் சாய்த்தது எப்படி என்று அங்கே நின்றால்தான் உறைக்கும். 1988 முதல் 2000 வரை 98 டெஸ்ட், 405 விக்கெட், விக்கெட்டுக்குச் சராசரி 20.99 ரன், எதிரே நின்று ஆடியவர்கள் பாவம்! பந்து குத்துகிற தரை மேட் மட்டும் கிழிந்து கிடக்கிறது, சில பந்து உருண்டே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டுப் பசங்கள் விடியும்போதே இடம் பிடித்துவிடுகிறார்கள், வார நாளில் போங்கள். அப்புறம், ஹெல்மெட் சொந்தமாகக் கொண்டுபோங்கள், அங்கே தருவது ஒரே வியர்வை நாற்றம்.