அசல் உத்தர், 1/35: ஆறு வருட டயோரமா அனுபவம்

டாங்கி செய்வது சுலபம். பக்கத்தில் நிற்கிற ஆளைச் செய்வதுதான் உயிரை வாங்குகிறது. ஆறு வருடத்தில் மூன்று டயோரமா, அதாவது நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு (1/35) அளவில் சிறு மாடல்களால் அமைக்கிற போர்க்காட்சி, முடித்திருக்கிறேன். மூன்றிலும் கடைசிவரை இழுத்தடித்தது முகங்கள்தான்.

மூன்றாவது, இந்திய-பாகிஸ்தான் போரின் டாங்கிச் சண்டையான அசல் உத்தர். 1965 செப்டம்பர் 10, கேம் கரண் பகுதியில் சீமா கிராமத்துக்கு அருகே, 4 கிரெனேடியர்ஸ் படையின் ஹவில்தார் அப்துல் ஹமீது ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. ரீகாயில்லெஸ் (பின்னுதைப்பு இல்லாத) பீரங்கியால் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை அடித்தார். அன்றே உயிரையும் விட்டார். மறைவுக்குப் பின் பரம் வீர் சக்ரா.

பேட்டனுக்கு டமியா கம்பெனியின் எம்48ஏ3 மாடல் கிட் வாங்கினேன். பாகங்கள் கச்சிதமாகப் பொருந்தின, இடைவெளி அடைக்கிற புட்டிக்கு வேலையே இல்லை. ஆனால் ஏ3 வியட்நாம் காலத்து டீசல் வடிவம். பாகிஸ்தானிடம் இருந்தவை அதற்கு முந்தைய பெட்ரோல் எஞ்சின் வண்டிகள். பின்பக்கத்தைத் திருத்த எனக்குப் பொறுமை இல்லை, கரும்பை நட்டு மறைத்துவிட்டேன்.

அந்தக் கரும்புதான் எனக்குப் பிடித்த பகுதி. மூன்று சென்டிமீட்டர் தடிமன் கொண்ட கரும்பு 1/35-ல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தென்னை ஈர்க்குச்சியின் நுனிப்பக்கம் அளவெடுத்தது மாதிரி அதே தடிமன்! எட்டு சென்டிமீட்டராக வெட்டி, கணுக்களைப் பேனாவால் கோடிட்டு, இலைக்குக் காகிதத்தை நரம்பு போல நறுக்கி ஒட்டினேன். இந்தப் பீரங்கி சுடும்போது நெருப்பும் புகையும் பின்பக்கமாகத்தான் சீறும். அதனால் ஜீப்புக்குப் பின்னால் இருந்த கரும்பையெல்லாம் சாய்த்து, லேசாகக் கருக்கினேன். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அதைக் கவனிப்பதில்லை, பரவாயில்லை.

சென்னைக் காற்றின் ஈரத்தோடு நடந்த சண்டை தனி. முதல் டயோரமாவில் தரைச் சருகுக்காக வடிகட்டிய டீத்தூளைக் காய வைத்தேன். "டேய், குப்பையில கொட்டாம இதை எதுக்குடா வெயில்ல பரப்பி வச்சிருக்க?" என்றார் அம்மா. நானோ அரைகுறையாகக் காய்ந்ததையே ஒட்டிவிட்டேன். ஐப்பசி மழையில் அந்த டயோரமாவின் ரஷ்யப் பனிக்காடு முழுக்கப் பூஞ்சை. இப்போது வாணலியில் வறுத்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். இரண்டாவதில், மழை நாளில் ஸ்ப்ரே கேனில் மேட் (பளபளக்காத) வார்னிஷ் அடித்தேன். வண்டி மேல் சாம்பல் தூவியது போல வெளுத்துப் போனது. அதிலிருந்து மழைக்காலம் முழுக்கப் பிரஷ் வேலை மட்டும்.

பெயிண்டில் டமியா அக்ரிலிக் ஏர்பிரஷ்ஷுக்கு அருமை. பிரஷ்ஷில் இரண்டாம் கோட் போட்டால் கீழே இருக்கிற கோட்டைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். ஆட்களுக்கு வல்லேஹோ பிராண்ட் பெயிண்ட்தான். சின்ன பாட்டில், சொட்டுச் சொட்டாக எடுக்கலாம், ஆறு வருடம் பழசான பாட்டில்கூட நன்றாகக் குலுக்கினால் உயிர்பெறுகிறது. பாட்டில் மூக்கு அடைத்துக்கொள்ளும், குண்டூசி பக்கத்திலேயே இருக்கட்டும்.

இனி முகம். 1965-ன் இந்தியச் சிப்பாய்கள் பிளாஸ்டிக்கில் எனக்குக் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்களை வாங்கி, எம்-சீல் பிசைந்து உடுப்பை மாற்றினேன். தோல் நிறத்தில்தான் மாட்டிக்கொண்டேன். 'ஃப்ளெஷ்' என்று லேபிள் ஒட்டிய பாட்டிலில் இருப்பது வெள்ளைக்காரத் தோல். அதில் பழுப்பைக் கலந்தேன், ஆள் காமாலைக்காரன் மாதிரி ஆனான். கடைசியில் கலவையைத் தலைகீழாக்கினேன். அடித்தளம் சிவப்புப் பழுப்பு, நெற்றிக்கும் கன்ன எலும்புக்கும் ஒரு துளி ஆரஞ்சும் காவியும். வெள்ளையைத் தொடவே கூடாது, தொட்டால் மாநிறம் விபூதி பூசியது போல வெளிறிவிடும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், கொஞ்சம் கருநீலம் போதும். இது பிடிபட ஏழு தலைகள் தேவைப்பட்டன.

கண்ணில் வெள்ளை வைப்பதை விட்டுவிட்டேன். இந்த அளவில் கண் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குறிபார்க்கிறவனுக்கு ஒரு கருங்கோடு போதும். முதல் டயோரமாவில் இருக்கிற நான்கு பேரும் இன்னமும் பேயைப் பார்த்தவர்கள் மாதிரி முழித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஜீப் ஓட்டுநருக்கு மட்டும் முகம் இன்னும் முடியவில்லை. எட்டாவது தலை பல்குத்தும் குச்சியின் முனையில், மேஜை விளக்குக்குக் கீழே காய்ந்துகொண்டிருக்கிறது.